சோம்பலா, சோகையா? மலையகப் பெண் தொழிலாளரின் குருதியும் கல வாங்கிகளின் வரலாறும்

1

மலையகப் பெருந்தோட்டங்களைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் தொடர்ந்து படிப்போர் இரண்டு சொற்களை அடிக்கடி எதிர்கொள்வர். ஒன்று, தோட்ட நிருவாகத்தின் பேச்சிலும் எழுத்திலும் பயின்று வரும் 'சோம்பல்'. மற்றையது, தோட்ட மக்களின் பாடல்களிலும் அவர்களைப் பற்றிய கதைகளிலும் பயின்று வரும் 'அலுப்பு'. இரண்டும் ஒரே உடலைப் பற்றிய கூற்றுக்களே. ஆயின், ஒன்று பங்களாவிலிருந்து பார்க்கப்பட்டது. மற்றையது லயத்துக் காம்பராவிலிருந்து உணரப்பட்டது. முன்னையது தொழிலாளியின் குணத்தைக் குற்றஞ் சாட்டுகின்றது. பின்னையது அவளது நிலையைக் கூறுகின்றது.

இவ்விரு கூற்றுக்களில் எது உண்மை என்பதை இலக்கியச் சான்றுகளைக் கொண்டு மட்டும் நிறுவ முற்படுவது போதாது. 'அலுப்பு' என்பது கவிஞனின் மிகை என்று ஒதுக்கப்படலாம். ஆனால், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மருத்துவமும் உயிரிரசாயனமும் இவ்வினாவுக்குத் திட்டவட்டமான விடையொன்றை அளித்து வந்துள்ளன. அவ்விடையின் ஒரு பகுதி இலங்கையின் தேயிலைத் தோட்டமொன்றிலேயே பெறப்பட்டதாகும். மற்றொரு பகுதி, கலங்களின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகள் எங்கு நிற்கின்றன, அவற்றை அங்கு நிறுத்துவனவும் அங்கிருந்து அகற்றுவனவுமான புரதங்கள் எவை என்னும் ஆய்வுகளால் அண்மைக் காலத்திற் பெறப்பட்டதாகும். இவ்விரு பகுதிகளையும் இணைத்து, அவற்றை மலையக மக்களின் வரலாற்றுப் பின்னணியில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய மாணவராகிய நாம் குருதியையும் புரதங்களையும் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். உழைக்கும் மனிதனின் உடல் இயற்கையின் ஒரு பகுதியாயிருக்கும் அதே வேளையில் சமுதாய உறவுகளின் விளைபொருளாகவும் இருக்கின்றது என்பதை ஏற்றுக்கொள்வோர்க்கு இதில் வியப்பெதுவும் இருத்தற்கில்லை.

2

1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். அதே ஆண்டிலேயே கார்ல் மார்க்சின் 'மூலதனம்' முதலாந் தொகுதி ஜேர்மனியில் வெளிவந்தது. இவ்வொற்றுமை தற்செயலானதே. எனினும், வேலைநாளின் நீளத்தைப் பற்றியும் அது தொழிலாளரின் உடலை எவ்வாறு உண்டு விடுகின்றது என்பதைப் பற்றியும் அந்நூல் விரிவாகக் கூறுவனவற்றுக்குரிய களமொன்று அவ்வாண்டிலேயே நமது மலைகளில் அமையலாயிற்று என்பது மனங்கொளத்தக்கது. 1869 இல் கோப்பியைத் தாக்கத் தொடங்கிய இலைநோய் அப்பயிரை அடுத்த இரு தசாப்தங்களில் அழித்தது. கோப்பி பருவகாலத்துக்குரிய பயிர். அறுவடை முடிந்ததும் தொழிலாளர் தென்னிந்தியக் கிராமங்களுக்குத் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. எனவே, ஆண்டு முழுவதும் மலையில் நிற்கும் உடல்கள் அதற்குத் தேவைப்பட்டன. கொழுந்தெடுத்தல் பெரும்பாலும் பெண்களின் வேலையாயிற்று.

இவ்வுடல்களைப் பேணும் பொறுப்பு யாருடையது என்ற வினா ஆரம்பத்திலேயே எழுந்தது. 1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் சிகிச்சையைச் சட்ட வரம்பினுட் கொணர்ந்தது. ஆயின், அச்சட்டத்தின் உள்ளார்ந்த அக்கறை தொழிலாளியின் உயிரைவிட உழைப்புச் சத்தியின் தொடர்ச்சியைப் பற்றியதாகவே இருந்தது எனலாம். நோயுற்றவன் உழைக்கமாட்டான், இறந்தவனுக்குப் பதிலாக இன்னொருவனைக் கடல் கடந்து கொண்டுவரச் செலவாகும்.

இந்தச் சூழலிலேதான் கொழுக்கிப் புழு ஒரு பொருளாதாரப் பிரச்சினையாகக் கண்டுகொள்ளப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழை வெள்ளையரின் 'சோம்பல்' உண்மையில் இப்புழுவினால் ஏற்படும் குருதிச்சோகையே என்று சார்ள்ஸ் ஸ்ரைல்ஸ் 1902 இல் எடுத்துக் காட்டியதும், பத்திரிகைகள் புழுவுக்குச் 'சோம்பற் கிருமி' என்றே பெயரிட்டன. அங்கு இயக்கமொன்றை நடத்திய றொக்பெல்லர் நிறுவனம் பின்னர் அதனைப் பிற நாடுகளுக்கும் விரித்தது. இலங்கையில் அவ்வியக்கம் 1916 இல் பெருந்தோட்டங்களிலேயே தொடங்கிற்று. புழுவை வெளியேற்றத் தைமோல், கெனோபோடியம் எண்ணெய் ஆகியன கொடுக்கப்பட்டன. சோம ஹேவா 1995 இல் வெளியிட்ட நூலில் இவ்வியக்கத்தின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார். மருந்து கொடுப்பது மலிவானது. மலசலகூடங் கட்டுவது செலவு மிக்கது. முன்னையதை வரவேற்ற தோட்டத்துரைமார் பின்னையதில் தயக்கங் காட்டினர். விளைவு எதிர்பார்க்கக் கூடியதே. மருந்தால் வெளியேறிய புழு, வெறுங்காலுடன் மண்ணை மிதித்தவர்களின் தோலூடாக மீண்டும் உட்புகுந்தது.

இங்கு ஓர் எளிய கணக்கை நோக்குதல் பயன்தரும். இலங்கையிற் பெரும்பான்மையாகக் காணப்படும் கொழுக்கிப் புழு இனத்தைச் சேர்ந்த புழுவொன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர் குருதியை இழக்கச் செய்கின்றது. நூறு புழுக்கள் மூன்று மில்லிலீற்றர் குருதியைப் போக்கும். நலமுள்ளவரின் ஒரு மில்லிலீற்றர் குருதியில் அரை மில்லிகிராம் அளவான இரும்புண்டு. எனவே, இழப்பு நாளுக்கு ஒன்றரை மில்லிகிராம் வரை செல்லலாம். நலமுள்ள வளர்ந்த ஒருவர் உணவிலிருந்து நாளொன்றுக்கு உறிஞ்சும் இரும்பே ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம் வரையினதுதான். ஆகவே, வரவு முழுவதையும் புழுவே கொண்டு போய்விடும். இதனோடு மாதப் போக்கையும், ஒவ்வொரு கருப்பத்துக்கும் ஏறத்தாழ ஆயிரம் மில்லிகிராம் இரும்பு தேவை என்பதையும், கோதுமை மா ரொட்டியும் சம்பலும் வெறுந் தேநீரும் கொண்ட உணவையும் சேர்த்து நோக்குக. கொழுந்து மலையில் நிற்கும் பெண்ணின் குருதி ஏன் வெளிறுகின்றது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

3

1970களில் இப்பிரச்சினை புதியதொரு முறையில் அணுகப்பட்டது. பேராதனை மருத்துவ பீடத்தில் பணியாற்றிய பி. சேனவிரத்னவும், அமெரிக்கரான வி. ஆர். எட்ஜர்ட்டன், ஜி. டபிள்யூ. கார்ட்னர் ஆகியோரும், அவர்தம் சகாக்களும் இலங்கையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே குருதிச்சோகையும் உடலுழைப்பும் பற்றிய ஆய்வுகளை நடத்தினர். 1977 இல் வெளிவந்த ஆய்வு, ஈமோகுளோபின் குறைந்த பெண்கள் நடைப்பொறியிற் கடுமையான வேலைப் பளுவைத் தாங்கவியலாமையைக் காட்டிற்று. 1979 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வு இன்னும் ஒருபடி மேலே சென்றது. அவ்வாய்வில் தொழிலாளருட் சிலருக்கு இரும்பு மருந்தும் வேறு சிலருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் கொடுக்கப்பட்டன. ஒவ்வொருவரும் நாளொன்றுக்குப் பறிக்கும் கொழுந்தின் அளவு முன்னும் பின்னும் கணிக்கப்பட்டது.

ஒரு மாதச் சிகிச்சையின் பின், இரும்பினால் ஈமோகுளோபின் உயர்ந்தவர்கள் கூடுதலாகக் கொழுந்து பறித்தனர். நூறு மில்லிலீற்றர் குருதியில் ஆறு முதல் ஒன்பது கிராம் ஈமோகுளோபின் மட்டுமே கொண்டிருந்த, சோகை மிகுந்த பெண்களிடம் இம்முன்னேற்றம் மிகவும் அதிகமாயிருந்தது. நலமுள்ள பெண்ணுக்குப் பன்னிரண்டு கிராமாவது இருத்தல் வேண்டும் என்பதை நினைவிற் கொண்டால், அந்நிலையிலும் அவர்கள் மலையேறிக் கொழுந்தெடுத்தனர் என்பதே வியப்புக்குரியதாகும்.

'சோம்பல்' என்னுங் குற்றச்சாட்டு இவ்வாய்வோடு விஞ்ஞான ரீதியிற் சரிந்து விழுகின்றது. குணத்தை இரும்பு மாத்திரை மாற்றாது. மாத்திரை மாற்றியது குருதியையே. குடியேற்றவாதிகள் மலாயர், யாவகர், பிலிப்பினர் ஆகியோர் மீது சுமத்திய சோம்பல் என்னும் பழியைச் செய்யத் ஹுசைன் அலாத்தாஸ் 1977 இல் வெளியிட்ட நூலில் ஒரு கருத்தியற் புனைவாக இனங் காட்டினார். அவர் ஏடுகளைக் கொண்டு செய்ததை, ஏறத்தாழ அதே காலத்தில், நமது மலைகளில் குருதிச் சோதனையும் கொழுந்துத் தராசும் செய்து காட்டின எனலாம்.

இவ்வாய்வின் இன்னொரு முடிவு அதிகம் பேசப்படாதது. எமது நோக்கில் அதுவே முக்கியமானது. கொழுந்து நிறுக்கும் தராசோடு ஆய்வாளர் நின்றுவிடவில்லை. அன்றாட வாழ்வில் இப்பெண்கள் தம் விருப்பின்படி எவ்வளவு இயங்குகின்றனர் என்பதையும், நான்கு மணி நேரமும் இருபத்து நான்கு மணி நேரமுமாக, அளந்தனர். சிகிச்சைக்குப் பின் அவ்வியக்கமும் அதிகரித்தது. அதாவது, இரும்புக் குறைவு அவர்களது கூலி உழைப்பை மட்டுமன்றி, வீட்டையும் பிள்ளைகளையும் அயலையும் சார்ந்த சொந்த வாழ்வையும் குறுக்கியிருந்தது. ஆய்வாளரே தமது சுருக்கத்தில் உற்பத்திப் பெருக்கத்தின் பொருளாதார முக்கியத்துவத்தை விதந்து கூறினர். சொந்த வாழ்வு மீளப் பெறப்பட்டமை பொருளாதாரக் கணக்கில் இடம் பெறுவதில்லை.

4

இரும்பு குருதியாவது எவ்வாறு? 1979 இல் இதற்குரிய விடை அரைகுறையாகவே இருந்தது. அதன் பின்னைய நாற்பதாண்டுகளில் அறியப்பட்டவற்றுள் எமது பொருளுக்கு இன்றியமையாதனவற்றை மட்டும் இங்கு கூறுவோம்.

குருதியில் இரும்பு தனித்து உலாவுவதில்லை. திரான்ஸ்பெரின் என்னும் புரதம் அதனைச் சுமந்து செல்கின்றது. என்பு மச்சையில் உருவாகும் இளஞ் செங்கலத்தின் மென்சவ்வில் இப்புரதத்துக்கெனச் சிறப்பான வாங்கியொன்றுண்டு. இரும்பு சுமந்த திரான்ஸ்பெரின் வாங்கியிற் பொருந்தியதும், அவ்விடத்து மென்சவ்வு குழிந்து, சிறு பையாகக் கலத்தினுட் செல்கின்றது. பையினுள் அமிலத்தன்மை மிகும்போது இரும்பு கழன்றுவிடும். வெறுமையான திரான்ஸ்பெரினும் வாங்கியும் மீண்டும் மேற்பரப்புக்கு வந்து சேர்கின்றன. ஆகவே, வாங்கி என்பது சுவரிற் பதித்த கல்லன்று. சில நிமிடங்களுக்கொரு முறை உள்ளே சென்று வெளியே வரும் பயணி. இப்பயணத்தை அது தானாகவே செய்வதுமில்லை. மென்சவ்வின் உட்புறத்தே நீண்டிருக்கும் அதன் வாற்பகுதியை இனங்கண்டு பற்றும் இணைப்புப் புரதங்கள் சில அதனை உள்ளிழுக்கின்றன. வேறு சில அதனை மேற்பரப்புக்குத் திருப்பியனுப்புகின்றன. இத்துணைப் புரதங்களில் ஒன்று குறைந்தாலும், வெளியே இரும்பு இருந்தும் கலம் பசித்திருக்கும்.

அடுத்ததாக, இரும்பு உடலினுட் புகும் வாயிலை நோக்குவோம். முன்சிறுகுடலின் கலங்கள் உணவிலிருந்து பெற்ற இரும்பைக் குருதிக்குள் விடுவது பெரோபோட்டின் என்னும் புரதத்தின் வழியாகும். முதிர்ந்த செங்கலங்களை விழுங்கி அவற்றின் இரும்பை மீட்டெடுக்கும் கலங்களும் இவ்வழியையே பயன்படுத்துகின்றன. 2000 ஆம் ஆண்டில் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதனைக் கண்டறிந்தன. ஈரல் சுரக்கும், இருபத்தைந்து அமினோ அமிலங்களாலான எப்சிடின் என்னும் சிறு ஓமோனும் ஏறத்தாழ அக்காலத்திலேயே அறியப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையிலான தொடர்பை எலிசபெத்தா நெமெத்தும் தொமஸ் கான்சும் அவர்தம் சகாக்களும் 2004 இல் வெளியிட்டனர். எப்சிடின் பெரோபோட்டினிற் பொருந்தியதும், பெரோபோட்டின் மேற்பரப்பிலிருந்து உள்ளிழுக்கப்பட்டு அழிக்கப்படுகின்றது. வாயிலைப் பூட்டுவதற்குப் பதிலாக வாயிலையே பெயர்த்தெடுக்கும் முறை இது எனலாம். இரும்பு குறைந்தவிடத்து ஈரல் எப்சிடினைக் குறைக்கும், வாயில்கள் மிகும். இரும்பு மிகுந்தவிடத்து இது தலைகீழாகும்.

ஆனால், எப்சிடினைத் தீர்மானிப்பது இரும்பின் அளவு மட்டுமன்று. தொற்றோ அழற்சியோ ஏற்படும்போது இன்ரலூக்கின் 6 என்னும் புரதம் ஈரற் கலத்தின் வாங்கியிற் பொருந்தி எப்சிடினைப் பெருக்குகின்றது. நோய்க்கிருமிகளும் இரும்பை நாடுவன ஆதலின், அவற்றுக்கு இரும்பைக் கிடைக்காது செய்யும் பழமையான தற்காப்பு இது என்று கருதப்படுகின்றது. ஆயின், ஓயாத தொற்றுக்களுக்கு உள்ளாகும் உடலில் இத்தற்காப்பே துன்பமாகின்றது. உணவில் இரும்பிருந்தும் குடல் அதனை விடாது. உடலிற் சேமிப்பிருந்தும் மச்சைக்கு அது சென்றடையாது.

மூன்றாவது படி இன்னும் நுண்ணியது. ஒட்சிசன் குறைந்தால் சிறுநீரகம் எரித்திரோபொயற்றின் என்னும் ஓமோனைச் சுரக்கின்றது. செங்கலங்களை ஆக்குக என்னும் கட்டளை அது. அக்கட்டளையைப் பெற என்பு மச்சைக் கலத்தின் மேற்பரப்பில் அதற்குரிய வாங்கி நிற்றல் வேண்டும். ஜாக் 2 என்னும் நொதியம் அவ்வாங்கியின் சமிக்ஞையைக் கலத்தினுட் கடத்துவது என முன்னரே அறியப்பட்டிருந்தது. அந்நொதியம் உடன் சேராவிடின் வாங்கி மேற்பரப்பை அடைவதே இல்லை என்று 2001 இல் காட்டப்பட்டது. அதாவது, செய்தியைக் கடத்தும் புரதமே செய்தியைப் பெறுவதை அதனிடத்துக்குக் கொணர்ந்தும் சேர்க்கின்றது.

2018 இல் அமெரிக்காவின் வேர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு இதனை இரும்புக் குறைவோடு நேரடியாகவே இணைத்தது. இளஞ் செங்கலத்தில் திரான்ஸ்பெரினை உணரும் இரண்டாவது வகை வாங்கியொன்றுண்டு. இரும்பு சுமந்த திரான்ஸ்பெரின் கிடைக்கும் வரை அது நிலைத்திருக்கும். கிடையாவிடின் அது கலத்தினுள்ளேயே சிதைக்கப்படும். அதன் இழப்போடு ஸ்கிரிபிள் என்னும் மற்றொரு புரதமும் குன்றுகின்றது. பழ ஈக்களில் முதலில் இனங்காணப்பட்ட இப்புரதம், கலத்தினுட் புரதங்களை உரிய இடத்துக்கு அனுப்புவதிற் பங்கு கொள்வது. ஸ்கிரிபிள் குன்றியதும், எரித்திரோபொயற்றின் வாங்கிகள் மேற்பரப்புக்கு வருவது குறைகின்றது. அவை தரும் சமிக்ஞையின் தன்மையும் மாறுகின்றது. கட்டளை ஓமோன் குருதியில் நிறைந்திருந்தும், மச்சை அதற்கு முன்போலச் செவிசாய்ப்பதில்லை.

தோட்டத்து வழக்கிலேயே கூறுவதாயின், விடியற் காலையில் தப்பு முழங்குகின்றது. ஆனால், வாசலில் அதைக் கேட்க ஆள் இல்லை. இவ்வுவமையை ஓரளவுக்கு மேல் நீட்டலாகாது என்பதையும் உடனே கூற வேண்டும். கலத்தில் வர்க்கங்கள் இல்லை, புரதத்துக்கு நோக்கமில்லை. இயற்கையின் இயக்கத்தைச் சமுதாயத்தின் மீதும் சமுதாயத்தின் இயக்கத்தை இயற்கையின் மீதும் பொறிமுறையாக ஏற்றுவது பொருள்முதல்வாதமாகாது. ஆயினும், தனிப்பொருளின் 'குணம்' என நாம் கருதுவது உண்மையில் அது பிறவற்றோடு கொள்ளும் உறவுகளின் விளைவே என்பதை இவ்வாய்வுகள் கலத்தின் மட்டத்திலேயே உறுதிப்படுத்துகின்றன. வாங்கி எங்கு நிற்கின்றது, என்ன செய்கின்றது என்பதை அதனோடு சேர்ந்தியங்கும் புரதங்கள் தீர்மானிக்கின்றன. அப்புரதங்களின் இருப்பை இரும்பு தீர்மானிக்கின்றது. அவ்விரும்பு உடலுக்குக் கிடைப்பதைத் தீர்மானிப்பது எது என்ற வினாவோடு நாம் மீண்டும் தோட்டத்துக்கு வந்து சேர்கின்றோம்.

5

மேற்கூறிய அறிவைத் துணைக்கொண்டு நோக்கும்போது, மலையகத்தில் நடந்த பல்வேறு முயற்சிகளின் வெற்றி தோல்விகள் விளக்கம் பெறுகின்றன. 1994 இல் வெளிவந்த அத்துக்கோரளவும் சகாக்களும் செய்த ஆய்வு, பெருந்தோட்டத் துறையின் கருவுற்ற பெண்களைப் பற்றியது. இரும்பும் போலேற்றும் மட்டும் பெற்றவர்களைவிட, அவற்றோடு பூச்சி மருந்தும் பெற்றவர்களே அதிக பயன் பெற்றனர். வரவைப் பெருக்குவதோடு செலவையும் அடைக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

2004 இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு தோட்ட மக்கள் உண்ணும் கோதுமை மாவில் இரும்பைச் சேர்த்து ஈராண்டுகள் அவதானித்தது. அம்மாவை உண்டமையாற் சோகை குறைந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. மாவிற் சேர்க்கப்பட்ட இரும்பின் வகை எளிதில் உறிஞ்சப்படாதது. தானியத்திலுள்ள பைற்றேற்றுக்கள் அதனை மேலும் தடுக்கும். உணவோடு பருகப்படும் தேநீரும் தடுக்கும். தேநீரின் தனின்கள் தாவர உணவிலுள்ள இரும்பைப் பிணித்து உறிஞ்சலைக் குறைக்கின்றன என்று 1975 இல் தென்னாபிரிக்காவில் நடந்த ஆய்வு காட்டிற்று. அவ்வாய்வுக்கு உட்பட்டவர்கள் அங்கு வாழும் இந்திய வம்சாவளிப் பெண்கள் என்பது கருதத்தக்கது. கரும்புத் தோட்டங்களுக்காக நாற்றாலுக்கும், கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்காக இலங்கைக்கும் தென்னிந்தியர் கொண்டு செல்லப்பட்டது ஒரே பேரரசின் தேவைகளுக்காகவே. உயர்தரத் தேயிலை கப்பலேறுகின்றது. தூள் லயத்துக்கு வருகின்றது. அத்தூளின் சாயமே ரொட்டியின் சொற்ப இரும்பையும் பிணித்துவிடுகின்றது. இறைச்சியோ மீனோ உண்பவருக்கு இதனால் பெருந்தீங்கில்லை; அவற்றின் இரும்பைத் தேநீர் அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஏழையின் உணவிலேதான் தேநீர் இரும்புக்குப் பகையாகின்றது.

இச்சான்றுகளை ஒருமுகமாகக் கொள்வதும் தவறாகும். 2001 இல் வங்காளதேசத் தேயிலைத் தோட்டமொன்றின் பெண்களிடையே இரும்பும் பூச்சி மருந்தும் கொடுத்துச் செய்யப்பட்ட ஆய்வில், சிகிச்சை பெற்ற குழுக்களுக்கும் ஏனையோருக்கும் இடையே கொழுந்தின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனவே, மாத்திரை கொடுத்தாற் கொழுந்து பெருகும் என்பது எங்கும் பொருந்தும் விதியன்று. சோகையின் கடுமை, ஏனைய தொற்றுக்கள், உணவு, கூலிமுறை ஆகியன இடத்துக்கிடம் வேறுபடுகின்றன. ஓயாத தொற்றில் எப்சிடின் உயர்ந்து பெரோபோட்டின் அகற்றப்பட்டிருக்கும் உடலில் மாத்திரையின் இரும்பு பெரிதும் வீணாகும். குடிநீரும் மலசலகூடமும் வீடும் தொற்றைக் குறைப்பன. ஆதலின், அவையும் இரும்பு மருந்தே. கட்டுவதற்குச் செலவு மிக்கதென 1916 இல் கைவிடப்பட்டதை, எப்சிடின் பற்றிய அறிவு மீண்டும் நம்முன் வைக்கின்றது.

6

இனி, அடிப்படையான வினாவுக்கு வருவோம். இரும்பு பெற்ற பெண் கூடுதலாகப் பறித்த கொழுந்து யாருக்குச் சேர்ந்தது?

தோட்டத்தில் ஒரு நாள் வேலை 'பேர்' எனப்படும். குறித்த நிறையைப் பறிக்காதவளுக்கு 'அரைப் பேர்' விழும். எனவே, சோகையின் கூலி அரைப் பேராகும். குருதியில் இல்லாத இரும்பு செக்ரோலிலிருந்து கழிக்கப்படுகின்றது. அவ்வாய்வு நடந்த காலத்தில் ஒரே தோட்டத்துப் பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியிலும் குறைவாகவே இருந்தது. சம கூலி 1984 இலேயே வந்தது. அரைவயிற்று உணவும் அரைக் கூலியும் ஒன்றையொன்று ஆக்கிக்கொள்ளும் வட்டமிது. இவ்வட்டத்தினுள் ஓரிடத்தில் மாத்திரையைச் செலுத்தினால், ஒரு பெண் அரைப் பேரிலிருந்து முழுப் பேருக்கு உயரலாம். அது சிறிய நன்மையன்று. ஆனால், எல்லோரும் கூடுதலாகப் பறித்தால் குறித்த நிறையே உயர்த்தப்படலாம் என்பதைத் தொழிலாளர் அனுபவத்தால் அறிவர். உழைப்புச் சத்தியின் பெருக்கம் தொழிலாளிக்குரிய பெருக்கமாவது உற்பத்தி உறவுகளைப் பொறுத்தது, ஈமோகுளோபினைப் பொறுத்ததன்று.

உடைமை மாறியபோதும் இவ்வுறவு அடிப்படையில் மாறவில்லை. 1972 இன் நிலச் சீர்திருத்தமும் 1975 இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையானமையும் நிகழ்ந்த அதே காலப்பகுதியில்தான், 1973 - 74 இன் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்ட மக்கள் பட்டினியால் மாண்டனர். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டிருந்த அவர்களுக்குத் தமக்கெனப் பயிரிட நிலமும் இல்லை, பேச வாக்கும் இல்லை. 1992 இல் நிருவாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. 2003 இல் எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை கிடைத்தது. ஆயினும், 2016 ஆம் ஆண்டின் தேசிய மக்கட்டொகை, சுகாதார ஆய்வு கண்டபடி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் பதினேழளவினராயிருக்க, பெருந்தோட்டத் துறையில் முப்பத்திரண்டளவினராயிருந்தனர். தாயின் குருதி பிள்ளையின் உயரத்தில் எழுதப்படுகின்றது.

மலையக இலக்கியம் இவ்வுண்மையை ஆய்வுகூடத்துக்கு முன்பே அறிந்திருந்தது. 1935 இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' தோட்டத்தை உடல்கள் அழியும் இடமாகக் கண்டது. சி. வி. வேலுப்பிள்ளையின் ஆக்கங்களும், அவர் திரட்டிய மக்கள் பாடல்களும், தெளிவத்தை ஜோசப்பின் கதைகளும் அலுப்பைத் தனிமனித மனநிலையாகக் காட்டாது வாழ்நிலையாகக் காட்டுகின்றன. என். எஸ். எம். இராமையா தமது சிறுகதைக்கு 'ஒரு கூடைக் கொழுந்து' எனப் பெயரிட்டபோது, இவ்வுலகின் அளவுகோல் எதுவென்பதைச் சரியாகவே இனங்கண்டார். 1979 இன் ஆய்வாளரும் அக்கூடையையே அளந்தனர். இலக்கியகர்த்தா அக்கூடையைச் சுமந்தவளிடமிருந்து தொடங்கினார். ஆய்வாளர் கூடையிலிருந்து தொடங்கி அவளிடம் வந்து சேர்ந்தனர். இரண்டும் ஓரிடத்திற் சந்தித்தமை நமக்கு நம்பிக்கை தருவதாகும்.

ஆகவே, நாம் கூற விழைவது இதுவே. 'சோம்பல்' என்னுஞ் சொல் மலையகத்தைப் பொறுத்தவரை ஒரு வர்க்கத்தின் கண்கொண்டு பார்த்த சோகையேயாகும். அச்சோகையின் கடைசிக் கண்ணி என்பு மச்சைக் கலத்தின் மேற்பரப்புக்கு வந்து சேராத வாங்கியில் உள்ளது. முதற் கண்ணி நிலத்திலும் கூலியிலும் குடிநீரிலும் உள்ளது. கடைசிக் கண்ணியை மட்டும் அறிந்தவர் மாத்திரையோடு நின்றுவிடுவர். முதற் கண்ணியை மட்டும் பேசுபவர், இன்று சோகையால் மயங்கி விழும் பெண்ணுக்கு இன்றே செய்யக்கூடியதைப் புறக்கணிப்பர். சங்கிலி முழுவதையும் அறிந்து கொள்வது நமது கடமை. இரும்பும் பூச்சி மருந்தும் அவளுக்கு உடனே வேண்டும். உணவும் வீடும் நிலமும் நியாயமான கூலியும் அவளுக்கு உரிமையாக வேண்டும். அவளது உடலுக்கு மீளும் வலிமை எவ்வளவு கொழுந்தைத் தந்தது என்று மட்டும் கேளாது, அவளது வாழ்வில் எவ்வளவு அவளுக்கே மீண்டது என்று கேட்கும் ஆய்வும் இலக்கியமும் நமக்கு வேண்டும்.